இடப்பக்கத்து வண்ணத்துப்பூச்சிகள்

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுத்தேன். முன் இருக்கையில் என் மனைவி வசந்தா. பின்னால் கேமரா, ஒரு மடக்கு நாற்காலி, இரண்டு போத்தல் தண்ணீர், அவளுடைய ஊன்றுகோல். மலேசியாவில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, வருஷம் முழுக்க வேகிறோம். ஆனாலும் மழை குறைந்த இந்த மாதங்களில்தான் நாங்கள் வண்ணத்துப்பூச்சி பார்க்கக் கிளம்புவது வழக்கம். இந்த வருஷம் கிளம்ப வேண்டாம் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். நான் கேட்கவில்லை.

எங்களுக்குள் ஒரு வேலைப் பிரிவினை உண்டு. பார்ப்பது அவள், படம் எடுப்பது நான். வசந்தா கையுறை ஆலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தவள். ஊசிமுனை அளவு ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பூச்சி பார்க்க ஆரம்பித்தாள். நான் வடிகால் இலாகாவில் வரைபடம் வரைந்தவன். தாளில் கோடு தெரியும், புதரில் எதுவும் தெரியாது. அவள் "அதோ" என்பாள், நான் கேமராவை அந்தப் பக்கம் திருப்புவேன். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற படம் ஒவ்வொன்றும் அவள் சொன்ன ஒரு "அதோ"தான்.

பிப்ரவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. இடது கை தேறவில்லை. கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவள் மூளை விட்டுவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், தனக்கு எதுவும் குறையவில்லை என்று அவள் முழுசாக நம்புகிறாள். பயிற்சி கொடுக்கிற பெண் என்னிடம், "அங்கிள், எப்பவும் அவங்க இடது பக்கமே நில்லுங்க. அவங்களுக்குப் புடிச்சது எதுவோ அத அந்தப் பக்கம் வச்சுக் காட்டுங்க. தானா ஒரு தடவ திரும்பிட்டாங்கன்னா மூளை புடிச்சிக்கும்" என்றாள். அவளுக்குப் பிடித்தது எது என்று எனக்குத் தெரியும். வசந்தா தானாக ஒரே ஒரு தடவை இடப்பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பழைய சாலையில் போனோம். சிம்பாங் பூலாய் தாண்டும்போது சுண்ணாம்பு மலைகளைப் பாதி வெட்டிவிட்டிருந்தார்கள். வெட்டின பக்கம் வெள்ளையாக, எலும்பு தெரிகிற மாதிரி இருந்தது. வசந்தா என் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். தன் பக்கத்துச் சன்னலை அவள் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

எட்டு மணி வாக்கில் காம்பாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினேன். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் ஒன்றரை வெள்ளி, நுரை பொங்க ஆற்றின தே தாரேக் தேநீர் இரண்டு வெள்ளி. வசந்தா ரொட்டியின் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பரிமாறுகிற பெண் தட்டை எடுக்க வந்தவள் நின்றாள்.

"ஏன்க்கா, ரொட்டி நல்லா இல்லயா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. சின்னதாப் போட்டுட்டீங்க லா."

நான் தட்டைத் திருப்பி வைத்தேன். மீதிப் பாதி அவள் முன்னால் வந்தது. "இன்னொண்ணு எதுக்குச் சொன்னீங்க?" என்று என்னைக் கடிந்துகொண்டே அதையும் சாப்பிட்டாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

தாப்பா தாண்டிப் பீடோரை அடையும்போது ஒன்பதரை. ஈப்போவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஊரைக் கடந்து மலையடிவாரம் பக்கமாகத் திரும்பினால் தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை வருகிறது. இது முன்பு ரப்பர்த் தோட்டம். பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். செம்பனைக்குக் கீழே புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள், அதனால் தரை முழுக்கப் பழுப்பாகக் கருகிக் கிடந்தது. பழுப்பு முடிகிற இடத்தில் நான்கு வீடுகள் வரிசையாக இருந்தன. மூன்று பூட்டியிருந்தன. நான்காவது வீட்டின் முன்னால் ஆடுகள் கட்டியிருந்தார்கள்.

வண்டிச் சத்தம் கேட்டு ஒரு பெண் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் பாக்கியம் என்று பிறகு சொன்னார்.

"யாருண்ணே? கம்பெனி ஆளா?"

"இல்லம்மா. ஈப்போலேருந்து பட்டாம்பூச்சி படம் எடுக்க வந்தோம்."

"பட்டாம்பூச்சியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கா ஈப்போலேருந்து காடிக்கு எண்ணெய் போட்டு வாரீங்க? இங்க பாம்புதான் நெறைய இருக்கு. வீட்ட அளக்க வந்தீங்களோன்னு பயந்தே போயிட்டேன். அடுத்த வருஷம் இதையும் இடிச்சிருவானுங்களாம்."

பிறகு வசந்தாவின் இடப்பக்கம் போய் நின்று, "வாங்கக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வசந்தா பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டார். வசந்தா ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியத்தின் முகம் சுருங்கிவிட்டது. நான் அவரைச் சுற்றி அழைத்துவந்து வலப்பக்கம் நிறுத்தினேன். "அட, வாங்க, நீங்க எப்ப வந்தீங்க?" என்று வசந்தா முகம் மலர்ந்து கேட்டாள். பாக்கியம் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் வலப்பக்கத்தை விட்டு நகரவில்லை.

"சுங்கைக்கிட்ட போங்கண்ணே. அங்க மட்டும் மருந்து அடிக்க மாட்டானுங்க. பழைய பால்மரம் கொஞ்சம் இருக்கு, அந்த நெழல்ல என்னமோ பறக்கும். வழுக்கும், அக்காவப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

சுங்கை என்றால் ஆறு. ஆனால் இதை ஆறு என்று சொல்ல முடியாது, ஓடைதான். வீடுகளிலிருந்து முந்நூறு மீட்டர் இருக்கும். நான் வசந்தாவின் இடப்பக்கம் நடந்தேன். பாதையோரம் உண்ணிச்செடி பூத்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றாள்.

"அதோ."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த ரப்பர் இலைகள் மட்டும் கிடந்தன. "மூணாவது இலை. அது இலை இல்ல" என்றாள். கேமராவில் நெருங்கிப் பார்த்தபோதுதான் இறக்கை மூடி உட்கார்ந்திருந்த பழுப்புப் பூச்சி தெரிந்தது. கண் போகவில்லை. பழைய வசந்தா அப்படியே இருக்கிறாள், ஆனால் பாதி உலகத்தில் இருக்கிறாள்.

அதற்குப் பத்தடி தள்ளி, என் பக்கத்துச் செடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஆரஞ்சுப் பூச்சி வந்து உட்கார்ந்தது. குருடனுக்கும் தெரிகிற நிறம்.

"வசந்தா, இடது பக்கம் பாரு."

அவள் திரும்பினாள், ஆனால் வலப்பக்கமாகத் திரும்பினாள். ஓடையைப் பார்த்தாள், வந்த வழியைப் பார்த்தாள், ஊன்றுகோலைத் தள்ளித் தள்ளி ஊன்றிச் சுற்றிக்கொண்டே வந்தாள். அவள் முழு வட்டம் போட்டு முடிப்பதற்குள் பூச்சி எழுந்து போய்விட்டது.

"ஒண்ணுமே இல்லயே. உங்களுக்கு எப்பவும் இலையும் பூச்சியும் ஒண்ணுதான்" என்றாள்.

அப்புறம் இரண்டு முறை அப்படி நடந்தது. ஒரு முறை நான் மூச்சுக்கூட விடாமல் அவள் இடது தோளை ஒட்டி நின்றேன். அவள் முன்னால் பார்த்தபடியே, "என்னங்க, எங்க போயிட்டீங்க? தனியா விட்டுட்டுப் போகாதீங்க" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரலில் உண்மையான பயம் இருந்தது. நாற்பது வருஷம் கூடவே இருந்தவன் நான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு இல்லாமல் போனேன். ஓடிப்போய் வலப்பக்கம் நின்றேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சிப் பெண் பார்த்திருந்தால் திட்டியிருப்பாள்.

பதினொரு மணி. ஓடைக்கரையில் நாற்காலியை விரித்து வசந்தாவை உட்கார வைத்தேன். அவள் இடது கையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். வீங்கியிருந்ததால் மருத்துவமனையிலேயே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டார்கள். நடந்த களைப்பில் அந்தக் கையெல்லாம் வேர்த்திருந்தது. மரங்கள் பழசாகி, பாலுக்காகச் சீவின தழும்புகள் மூடிப்போயிருந்தன. தண்ணீர் சேறாக ஓடியது. இந்த இடத்தில் எந்த அழகும் இல்லை. ஏன் கூட்டிவந்தேன் என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது.

அப்போதுதான் அது வந்தது. வெள்ளை இறக்கை, அதில் முடி மெலிவில் கறுப்புக் கோடுகள். ஆங்கிலத்தில் மேப்விங் என்கிறார்கள். நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'வரைபடம்'. என் இலாகாத் தாளை யாரோ கத்தரித்துப் பறக்கவிட்டது போலிருக்கும். எத்தனையோ வருஷமாகத் தேடுகிறோம். கோப்பெங் பக்கம் ஒரு தடவை தூரத்தில் பறந்து போனது, அவ்வளவுதான். நல்ல படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அது தண்ணீருக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வசந்தாவின் இடது கையில் இறங்கியது. இறக்கையைத் தட்டையாக விரித்து வைத்து, விரல் முட்டிக்குப் பக்கத்தில் வேர்வையைக் குடிக்க ஆரம்பித்தது.

நான் மண்டியிட்டேன். "வசந்தா" என்று மெல்லக் கூப்பிட்டேன். "உன் இடது கையப் பாரு."

அவள் எதிர்ப்பக்கம் ஓடையின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்ஸ், பேசாதீங்க. அங்க நீலம் ஒண்ணு வருது."

என்ன செய்வது? படம் எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் சரியாக விழுந்தது, கோடு ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. இவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினேன். பூச்சி எழுந்து பால்மரங்களுக்குள் போய்விட்டது.

"கழுத்து வலிக்குதுங்க, என்ன பண்றீங்க?" என்றாள்.

பன்னிரண்டரைக்குத் திரும்பினோம். பாக்கியம் ஒரு பையில் முருங்கைக்கீரை பறித்து வைத்திருந்தார். கார்க் கதவு வரைக்கும் வந்து, வலப்பக்கம் நின்று, வசந்தாவின் தோளைத் தொட்டு, "மறுபடி வாங்கக்கா" என்றார். அடுத்த வருஷம் வந்தால் அந்த வீடு இருக்காது.

ஊர்களைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பும்போது தங்கள் ஊரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு ஒப்பிட ஒன்றும் தோன்றவில்லை. ஈப்போ வீட்டிலும் வசந்தாவுக்குப் பாதிதான் இருக்கிறது. சமையலறை இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிற பூசை அறை இல்லை. இங்கும் அதேதான். அறுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனதில் மாறியது எதுவும் இல்லை.

பீடோரில் கொய்யாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு கடையோரம் நிறுத்திக் கிலோ ஆறு வெள்ளிக்குக் கொய்யா வாங்கிக்கொண்டு வந்தேன். வசந்தா கையை நீட்டிக் கேமராவைக் கேட்டாள். அன்றன்று எடுத்ததை அன்றன்றே பார்த்து, ஆடினதையும் மங்கினதையும் அழிக்கச் சொல்வது அவள் வேலை. திரையை அவள் வலப்பக்கமாகப் பிடித்துக் காட்டினேன். இலைப் பூச்சிக்குத் தலையாட்டினாள். அடுத்த படம் வந்ததும் அவள் குரலே மாறிவிட்டது.

"ஐயோ, நம்ம வரைபடம்! எப்பங்க எடுத்தீங்க? நான் எங்க இருந்தேன்?"

"நீயும் அங்கதான் இருந்த."

"கோடெல்லாம் எப்படி விழுந்திருக்கு பாருங்க. இத அழிக்கக் கூடாது, பெருசாப் போட்டு மாட்டணும்." திரையை இன்னும் வலப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். "யாரு கை இது? பாக்கியமா?"

"உன் கைதான் வசந்தா."

அவள் சிரித்தாள். ஓட்டை பார்க்கிற காலத்தில் மேஸ்திரி ஏதாவது தப்பாகச் சொன்னால் சிரிப்பாளாம், அந்தச் சிரிப்பு. "யாருக்கிட்ட கத வுடுறீங்க? பூச்சி என் கையில உக்காந்தா எனக்குத் தெரியாதா?"

அவள் அந்தப் படத்தை விட்டு நகர மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு கையோ, ஆடாம அசையாம எவ்ளோ அழகா வச்சிருக்காங்க" என்றாள். "எனக்கெல்லாம் அந்தப் பொறுமை வராதுங்க."