வெறுங்காலால் பெடல் மிதித்தவர்

என் பழைய காரைத் தாழ்த்தி, அகன்ற டயர் போட்டு, வேறொரு காரின் பிரேக்கையும் நானே பூட்டியிருந்தேன். பிரேக் பெடலோ பஞ்சுபோல அமுங்கியது. பிரேக் எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை மூன்று தடவை எடுத்தும் சரிவரவில்லை. கினிகத்தேனை மலைப்பாதை வளைவொன்றில் பிரேக் பிடிக்காமல் உயிர் தொண்டைக்கு வந்த பிறகுதான் பிரேக் வேலைக்குப் பேர்போன ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போனேன்.

காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டுக் காருக்குள் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலால் பெடலை மிதித்தார். பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, சக்கரத்த இறுக்கிப் புடிக்கிற கெலிப்பர் ரெண்டையும் எடது வலதா மாத்திப் போட்டிருக்கீங்க. காத்து மேலதானே நிக்கும்? அத வெளிய விடுற ஓட்ட இப்ப கீழ இருக்கு."

"வீடியோ பாத்துத்தாண்ணே பூட்டினேன்."

"வீடியோக்காரரு தலகீழா நின்னு எடுத்திருப்பாரு."

அவர் மாற்றிப் பூட்டிக் காற்றை எடுத்ததும் பெடல் கல்லாக நின்றது. அவர் ஹட்டனுக்குப் போக வேண்டுமென்றார். நான் ஏறச் சொன்னேன். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர், வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

"பிரேக்தான் சரியாயிருச்சேண்ணே?"

"பிரேக் சரிதான் தம்பி. ஓட்டுறது நீங்கதானே?"

இப்போதெல்லாம் அந்த வளைவுகளில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். கண்ணை மட்டும் மூடுவதில்லை.