கை உயர்ந்தால் கெட்டிமேளம்

சத்தம் போடப்போகிறவன் முன்கூட்டியே வந்து மன்னிப்புக் கேட்கிற நாடு இது. சிட்னியில் பென்டில் ஹில் பக்கம் நாங்கள் குடிவந்த முதற்கிழமை, பக்கத்து வீட்டு ரோரி ஒரு பிஸ்கட் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். செம்பட்டைத் தாடி, கறுத்த ரீசேர்ட், இரண்டு கையிலும் பச்சை குத்தியிருந்தான். "சொறி மேட், சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் மியூசிக் பாண்ட் கராஜில் வாசித்துப் பழகும். கொஞ்சம் சத்தமாக இருக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் திருவிழாக் காலத்தில் விடியமுன்னமே லவுட்ஸ்பீக்கர் அலறும். யார் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள்? அதுவும் என்னிடமா? வார நாட்களில் வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாலும் நான் பிறவித் தவில்காரன். மேற்குச் சிட்னியில் தமிழ்க் கல்யாணம் என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள்.

அந்தச் சனிக்கிழமை குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற என் மனைவி சுகந்தி எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டில ஆரோ ஒத்து ஊதுகினம். உங்கட ஆக்களோ?"

அவள் சொன்னதில் பிழையில்லை. நாதஸ்வரத்துக்குப் பின்னால் விடாமல் ஒரே சுருதியில் இழையுமே ஒத்து, அதே சத்தம். போய்ப் பார்த்தால் ரோரியின் கக்கத்தில் காற்றடைத்த பையும் குழல்களுமாக ஒரு பாக்பைப். சுற்றிவர இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு டிரம் செட், வயலின், தகரக் குழல். ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பாட்டன்மாரின் போர்ப் பாட்டுகளைச் சாமி வந்தவர் மாதிரி ஒருவன் உறுமிப் பாடினான். இதற்குப் பெயர் 'ஃபோக் மெட்டல்' என்றார்கள். நாங்கள் ஒத்து ஊதுவதற்கென்று தனியாக ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். இவர்கள் அந்த ஆளையே பைக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். கெட்டிக்காரச் சனம்!

அடுத்த கிழமை தவிலைக் கொண்டுபோனேன். தொட்டுப் பார்க்க ரோரி கிட்ட வந்ததும் "ஷூஸ்! ஷூஸ்!" என்று கத்தினேன். அவன் பாம்பை மிதித்தவன்போலத் துள்ளி, எதை மிதித்தோம் என்று நிலமெல்லாம் தேடினான். சப்பாத்தைக் கழற்றத்தான் சொன்னேன் என்று விளங்கியதும் முழு பாண்டும் சப்பாத்துகளைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்தது. அன்றைக்கு நான் அடித்த அடியில் கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது. "நீ எங்களோடு மேடைக்கு வருகிறாய்" என்றான் ரோரி. கேட்டானா, சொன்னானா தெரியாது. நான் ஓம் என்றுவிட்டேன்.

ஒரு பாட்டில்தான் சிக்கல். அந்தக் குளிர்காலத்தில் ரோரியின் தகப்பன் செத்துப்போனார். அவர்தான் அவனுக்குப் பாக்பைப் பழக்கியவர். அவருக்காக ரோரி ஓர் ஒப்பாரி மெட்டுக் கட்டியிருந்தான். அதற்கு நான் கைவைக்கமாட்டேன் என்றேன்.

"மெட்டுப் பிடிக்கவில்லையா?" அவன் முகம் சுருங்கியது.

"நோ, நோ. திஸ் இஸ் ஹாப்பி டிரம்." மங்கல வாத்தியம் என்பதற்கு என் இங்கிலீஷ் அவ்வளவுதான்.

அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். "அப்ப அந்தப் பாட்டில் யாருமே வேண்டாம். நான் மட்டும். அம்மா கேட்க வருகிறாள். ஒரு சத்தமும் வரக்கூடாது, மேட்." வாக்குக் கொடுத்தேன்.

நியூடவுன் பக்கத்தில் ஒரு பப்பின் பின்மண்டபத்தில் நிகழ்ச்சி. சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினோம். நீளத் தலைமயிரை விரித்துப்போட்டு இளசுகள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் எங்கள் காவடிக்காரர் வெட்கப்படுவார்கள். பிறகு மண்டபம் அடங்கியது. ரோரி ஒப்பாரியைத் தொடங்கினான். முன்வரிசையில் அவன் தாய் கையைக் கோத்துக்கொண்டு இருந்தாள். நான் தவில்மேல் கைகளை வைத்தபடி அசையாமல் இருந்தேன்.

பாதியில் பாக்பைப்பின் சத்தம் தேய்ந்து நின்றது. ரோரி குனிந்தபடியே வலது கையைத் தூக்கினான். சுட்டுவிரல் நீண்டு நடுங்கியது.

கையைத் தூக்கி விரலை ஆட்டினால் என்ன செய்யவேண்டும் என்று தவில்காரனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஐயர் அப்படித்தான் காட்டுவார். தாலி ஏறுகிற நேரத்தில் தும்மலோ அழுகையோ கெட்ட சொல்லோ மணமக்கள் காதில் விழக்கூடாது; எல்லாவற்றையும் கெட்டிமேளம் மூடவேண்டும். என் கை என்னைக் கேட்கவில்லை. ஐயோ என்று நான் நினைக்கமுதல் தவில் இடியாக வெடித்துவிட்டது. டிரம்காரன் இது புதிய ஏற்பாடு என்று நினைத்துச் சேர்ந்தான், கிட்டார்களும் சேர்ந்தன. கொடுத்த வாக்குப் போச்சு, ஒரு தாய்க்கு முன்னால் மானமும் போச்சு என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். இடையில் நிறுத்தவும் தெரியாது, கை இறங்கவேண்டும். ரோரியின் கை இறங்கியது. சட்டென்று நிறுத்தினேன். அந்த அமைதியில் அவன் பாக்பைப்பை எடுத்து மிச்சத்தை ஒரு பிசகில்லாமல் ஊதி முடித்தான்.

பின்கதவுக்கு வெளியே அவனைப் பிடித்தேன். "சொறி, ரோரி." இந்த நாட்டில் சத்தத்துக்காக நான் கேட்ட முதல் மன்னிப்பு அது.

"ஒரு நிமிஷம் பொறுங்கள் என்றுதான் கையைத் தூக்கினேன்" என்றான். "நீ ஏன் அடித்தாய்?"

கல்யாணம், ஐயர், விரல், அழுகை எல்லாவற்றையும் என் உடைந்த இங்கிலீஷில் கொட்டினேன்.

"நான் குழறி அழுதேன், மேட்" என்றான். "அம்மாவுக்குக்கூடக் கேட்கவில்லை."

போன மாதம் வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். ரோரியையும் கூப்பிட்டிருந்தேன். கில்ட் என்கிற ஸ்கொட்லாந்துக் கட்டம்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் இருந்தான். சப்பாத்தை யாரும் சொல்லாமலே வாசலில் விட்டிருந்தான். பெண்ணின் தாய்க்கு விசா கிடைக்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் பார்க்க, தோழிப்பெண் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். ஐயர் கையைத் தூக்கி விரலை ஆட்டினார். தொடங்கினேன். மண்டபம் முழுக்க எழுந்து தாலியைப் பார்த்தது. ரோரி மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் போன திசையில் நானும் பார்த்தேன். போனுக்குள் அந்தத் தாய் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள்.

இன்னும் ஓங்கி அடித்தேன்.