படத்தில் இருந்த சட்டை

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான்கு பேரைப் பெற்று வளர்த்தேன். மூன்று பெண்கள், கடைசியாக ஒரு பையன். சின்ன வயதில் நடந்த கதை ஒன்றை எழுதித் தாருங்கள் அம்மாயி என்கிறாள் மகள் வயிற்றுப் பேத்தி. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பாவாடை கட்டின வயதில் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அறுபதாவது வயதில் மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையானேன். அதைச் சொல்கிறேன்.

அப்போது என் வீட்டுக்காரர் தவறி ஐந்து வருடமாகியிருந்தது. பையன் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தான். நான் வீட்டிலேயே ஒரு மிஷின் போட்டு, குழந்தைச் சட்டை தைத்துக் காதர்பேட்டைக் கடைகளுக்குக் கொடுத்துவந்தேன். ஒருநாள் பையன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான்.

"இனி ஊட்டுல உக்காந்தே ஏலம் போடலாமுங்கம்மா."

"ஏலமா? கூவறது யாரு கண்ணு?"

"யாரும் கூவ மாட்டாங்க. அவங்கவங்க ஊட்டுல இருந்தே விலையை ஏத்துவாங்க. நாள் முடியறப்ப மேல நிக்கறவங்களுக்குப் பொருள்."

"சத்தமே இல்லாம ஒரு ஏலம்! நல்லாத்தான் இருக்குது போ."

இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. திரையில் எந்த நிறத்துப் பட்டன் எதற்கு என்று பார்த்துப் பழகினேன். தப்பாக அமுக்கிவிட்டுக் கையைப் பிசைந்தால், "நூல் அறுந்தா அழுவீங்களா? மறுக்காக் கோத்துட்டுப் போங்க" என்பான். சட்டையை வெள்ளை வேட்டிமேல் விரித்துக் காலை வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். கறை இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கேட்டவர்களுக்கு அன்றைக்கே பதில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிகிற மாதிரி போட்டால் விலை நன்றாக ஏறும். வாங்கியவர்களுக்குத் திருப்தி என்றால் நம் பேருக்கு நேரே ஒரு நல்ல குறி விழும். எனக்கு நாற்பது விழுந்தது, ஒன்றுகூடக் கெட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன்.

அந்தத் தெம்பில், பையன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நானாகவே ஒன்று போட்டேன். முன்பு போட்டதைப் பார்த்து எழுத்தை அப்படியே ஒற்றினேன். படத்துக்குப் பீரோவில் இருந்த சட்டை. பையன் கைக்குழந்தையில் போட்டது. அவன் அப்பா வெட்டி, நான் தைத்து, மார்பில் கையாலேயே கிளி போட்டது. எங்கள் ஊரில் சாம்பிள் என்பது காட்டுவதற்குத்தான். வாங்குகிற பார்ட்டி சரி என்றால் அதே மாதிரி தைத்து அனுப்புவோம். சாம்பிள் நம்மிடமே இருக்கும். ஏலமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விலை ஏறியது பாருங்கள், அதுவரை எதற்கும் அப்படி ஏறியதில்லை. பம்பாயில் ஓர் அம்மாவுக்கு ஏலம் முடிந்தது. புதுத் துணியில் அச்சாக அதே போல் தைத்து அனுப்பினேன். பத்தாம் நாள் அது ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது. பையன்தான் படித்தான். படத்தில் இருக்கிற சட்டைதான் வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

"ஏலத்துல படத்துல இருக்கறதையேதானுங்கம்மா விக்கறோம். இது கம்பெனி ஆர்டர் இல்லீங்க."

பழைய சட்டையைக் கையில் வாங்கி, கிளியை விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

"பணத்தத் திருப்பிக் குடுத்துரலாம். ஒரு கெட்ட குறிதானே, விழுந்துட்டுப் போகுது. இது உங்ககிட்டயே இருக்கட்டுமுங்கம்மா."

"நாப்பது நல்ல பேரு சாமி! ஒரு பழஞ்சட்டைக்காகக் கெடுத்துக்கறதா? போட்டவனே பக்கத்துல இருக்கறப்ப எனக்குச் சட்டை எதுக்கு?"

நானே மடித்துக் கட்டிக் கொடுத்தேன். அவன்தான் கொரியருக்கு எடுத்துப்போனான். நாற்பத்தொன்றாவது நல்ல குறி விழுந்த அன்று பாயசம் வைத்தேன். அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கம்பெனியில் ஏதோ டென்ஷன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் வங்காளதேசத்துக் கம்பெனிக்குப் போவதாகச் சொன்னான். சட்டை போவதற்கு முன்பே அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். எனக்குச் சொல்ல நா எழவில்லையாம். அங்கிருந்து இன்னொரு நாடு. இப்போது வீடு, பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளி போல் வந்து போகிறான்.

அவன் எனக்கென்று விட்டுவைக்கப் பார்த்தது எதை என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அந்த ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு நாற்பது நல்ல பேர்தான் பெரிதாகத் தெரிந்தது.

கண்ணு, இதை எனக்கு ஒருக்கா படித்துக் காட்டு. அவசரமில்லை. உன் மாமன் பேசுகிற இடம் வந்தால், அவன் பேசுகிற மாதிரியே படி.