எனக்கு முன்னால் இருந்தவள்

என் வீட்டுக்காரருக்கு லாரிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் பொறுமை. காலி பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற லாரி அவருடையது. அவருடையது என்றால் ஓட்டுவது மட்டும்தான், லாரி முதலாளியுடையது. ஒரு பாட்டில் உடைந்தால் முதலாளி வாய்க்கு வந்தபடி பேசுவார். அதனால் ரோட்டில் சின்னக் குழியைக் கண்டாலும் நிற்கிற அளவுக்கு மெதுவாக்கி, ஏறி இறங்கி, பின்னால் ஏதாவது கலகலக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கியரை மாற்றுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுக்கூடக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நிற்பார்.

நான் நேரெதிர். மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. முதலில் முன்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா?" என்று கேட்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போதே என் குரல் ஏறிவிடும். ஒரு பெரியவர் பயந்துபோய், தெரியாத எழுத்தையெல்லாம் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, வாங்கிய கண்ணாடியோடு படியில் தடுக்கி விழுந்தார். அதிலிருந்து என்னைப் பின்னறைக்கு மாற்றி லென்ஸ் தேய்க்க விட்டுவிட்டார்கள். லென்ஸ் எதிர்த்துப் பேசாது.

கல்யாணமாகி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. "இப்படியே வீட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க, எங்கயாவது போயிட்டு வாங்க" என்று என் நாத்தனார் தன் வீட்டுக்காரரின் சின்னக் காரைக் கொடுத்தாள். நான் மலைக்குப் போகலாம் என்றேன்.

"மலை ரோடு எனக்குத் தெரியாது. கடலுக்குப் போவோம்."

"கடல் ரோடு தெரியுமா?"

"கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"திறந்துக்கிட்டே ஓட்டுங்க" என்றேன்.

காலையில் கிளம்பினோம். பின்சீட்டில் இரண்டு பைகள்தான் இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு குழிக்கும் பாட்டில் லாரிக்குக் காட்டுகிற மரியாதையைக் காட்டினார். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போகும்போது பாவமாகத் திரும்பிப் பார்த்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். புதுப் பெண்டாட்டி, எடுத்த எடுப்பிலேயே சுயரூபத்தைக் காட்ட வேண்டாமே!

முதலில் ஒரு முட்டை ரொட்டிக் கடையில் நிறுத்தினார். தகரக் கூரை, வாசலிலேயே பெரிய தோசைக்கல், அதன் முன்னால் வியர்த்து வடியும் ஒரு அக்கா. அந்த அக்கா இவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அடேயப்பா! கடைசியில கண்ணுல காட்டிட்டாரா! எத்தனை வருஷமா கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னு சொல்லிட்டு இருக்கோம்!"

எத்தனை வருஷமாகவா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முட்டைன்னா உயிராமே? இவர் சொல்லாத நாளில்ல" என்று என் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ரொட்டியை அடுக்கினாள். எனக்கு முட்டை வாடையே ஆகாது. அந்த அக்கா எதிரிலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். "கோபமே வராதாமே உங்களுக்கு? முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றாள். அப்போது என் முகம் இருந்த லட்சணத்துக்கு அந்த அக்காவுக்கு ஒரு நல்ல கண்ணாடி அவசரமாகத் தேவைப்பட்டது.

காரில் ஏறியதும் கேட்டேன். "யாரைச் சொல்றாங்க?"

"அவங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசுறாங்க" என்றார், காரின் முன்கண்ணாடி வழியாக எங்கேயோ பார்த்து. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பொய் சொன்னால் காது சிவக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். வயிற்றில் முட்டை ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம்.

அடுத்தது ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மீன் சாப்பாட்டுக் கடை. வண்டி நின்றதும் கடைக்காரர் ஒரு நாற்காலியையும் ஒரு முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பிடித்து உட்கார வைத்து, என் காலை எடுத்து முக்காலிமேல் வைக்கப் பார்த்தார்.

"நடக்கலாமா நீங்க? ஆபரேஷன் பண்ணின காலாச்சே!"

"எந்தக் கால்?" என்றேன்.

"என்ன டீச்சர், உங்க கால் எதுன்னு எங்கிட்ட கேக்குறீங்க!" என்று கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மீன் வந்தது. வறுத்தது, குழம்பில் கிடந்தது, "இது கணக்கில்ல, டீச்சருக்காக" என்று தனியாகத் தலை ஒன்று. "பத்தியச் சாப்பாடே சாப்பிட்டு நாக்கு செத்துப் போயிருக்கும், நல்லாச் சாப்பிடுங்க." நான் கால்மேல் கால் போட்டபடி, ஆத்திரத்தோடு அத்தனையையும் சாப்பிட்டேன். மீன் அருமையாக இருந்தது. அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

கார் பாலத்தைத் தாண்டியதும், "பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடுங்க. எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் சடாரென்று பிரேக் போட்டிருப்பார்கள். இவர் சிக்னல் போட்டு, பின்னால் பார்த்து, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அப்படி யாரும் இல்ல" என்றார்.

"முட்டை தின்கிற ஒருத்தி. கால் உடைஞ்ச டீச்சர் ஒருத்தி. இன்னும் எத்தனை பேர்?"

"எல்லாம் ஒருத்திதான்... அந்த ஒருத்தியும் இல்ல. நான் சும்மா சொன்னது."

மெதுவாகத்தான் வெளியே வந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் என் உயிரை வாங்கினார். கல்யாணம் ஆகாத டிரைவர் என்றால் கடைக்குக் கடை பெண் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்களாம். அந்தத் தொல்லைக்குப் பயந்து ஒரு நாள் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லி வைத்தாராம். அடுத்த தடவை போனால், சம்சாரம் எப்படியிருக்கிறாள் என்று கேள்வி. கூட்டிக்கொண்டு வா என்று வற்புறுத்திய இடத்தில் அவள் காலை உடைத்தார். பெருமை பேசுகிற கடையில் அவளை டீச்சர் ஆக்கினார்.

"தொல்லைக்காக மட்டும் இல்ல" என்றார். "சாப்பிட உட்கார்ந்தா எல்லாரும், 'சீக்கிரம் குடுங்க, வீட்ல காத்துக்கிட்டு இருப்பா'ன்னு சொல்லுவாங்க. எனக்கும் அப்படிச் சொல்லணும்போல இருந்துச்சு. சொன்னா நல்லா இருந்துச்சு. அப்புறம் விட முடியல."

எனக்கு அழுகை வந்தது. அதை அவரிடம் காட்டக் கூடாது என்று சத்தம் போட்டேன். "அப்ப எந்த தைரியத்துல என்னை இதே ரோட்டுல கூட்டிட்டு வந்தீங்க?"

"எனக்கு இந்த ரோடு மட்டும்தான் தெரியும்."

"வேற கடையில நிறுத்தியிருக்கலாமே?"

"தெரியாத கடையில சாப்பிட்டு உனக்கு வயிறு கெட்டுப்போனா?"

இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்! முழு வண்டவாளமும் வெளியே வரும் என்று தெரிந்தும், என் வயிற்றுக்குப் பயந்து அதே கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் நம்பினேன். ஆனால் மனசு ஆறவில்லை.

"அவ அழகா?"

யோசித்தார். அதற்கு ஏன் யோசிக்க வேண்டும்? "அழகுதான்."

"என்னைவிட?"

"அப்ப உன்னை நான் பார்க்கவே இல்லையே" என்றார். இந்தப் பதிலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் சண்டை போட வழி கிடைக்கவில்லை.

நான் தீர்த்துச் சொல்லிவிட்டேன். "கோபம் வராத அந்த மகராசி பேர்ல நான் இனி ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன். அடுத்த கடையில எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லணும். சொன்னா உங்களோட கடலுக்கு வர்றேன். இல்லன்னா அங்கயே பஸ் ஏறிடுவேன்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "அடுத்தது பெரிய கடை. இந்த ரோட்டுல ஓடுற டிரைவர் அத்தனை பேரும் அங்கதான் சாப்பிடுவாங்க. மானம் போயிடும். சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க."

"யோசிச்சுக்குங்க" என்றேன். அவர் யோசித்துக்கொண்டே ஓட்டினார். அதுவரை போன வேகமே பரவாயில்லை என்று தோன்றியது.

பெரிய கடை என்றால் உண்மையிலேயே பெரியதுதான். வாசலில் வரிசையாக லாரிகள், உள்ளே நீள நீளமான பெஞ்சுகள், சுவரோரம் கை கழுவும் தொட்டி, எந்தப் பக்கம் திரும்பினாலும் சாப்பிடும் சத்தம். நாங்கள் நுழைந்ததும் "பொறுமை வந்தாச்சு! சம்சாரத்தோட வந்தாச்சு!" என்று ஒரே ஆரவாரம். எனக்கு எதிரில் தலை நரைத்த ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார். எதை எடுத்தாலும் "எங்க வீட்டுக்காரி" என்றுதான் ஆரம்பிப்பாராம். அதனால் அவர் பெயரே வீட்டுக்காரி அண்ணன்.

"வாம்மா தங்கச்சி. எங்க வீட்டுக்காரியும் உன்னை மாதிரிதான், வெளிய வந்தா வாயே திறக்க மாட்டா. வீட்டுல பார்க்கணுமே! நேத்துகூட, ஏன் லேட்டுன்னு கரண்டிய எடுத்துக்கிட்டு நின்னா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வீட்டுக்காரியைப் பிடித்துப்போயிற்று. அவளாவது கரண்டி எடுக்கிறாள்.

வறுத்த கோழியும் மலை மாதிரி சோறும் வந்து இறங்கின. நான் தொடவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கடை முதலாளி வந்து, "பையனை ஏம்மா கூட்டிட்டு வரல?" என்றார்.

"பையனா?" என்று நான் கத்தியதில் பக்கத்து பெஞ்சில் ஒருவருக்குப் புரையேறியது. காரில் இதை மட்டும் மறைத்துவிட்டார், பாவி! நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இவரும் எழுந்தார். "பையன் இல்ல" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு, கல்யாணத்தன்றுகூட நான் கேட்டிராத குரலில், "எனக்குப் பையனும் இல்ல, பழைய சம்சாரமும் இல்ல! இத்தனை வருஷமா நான் சொன்னதெல்லாம் பொய். கல்யாணமே இப்பத்தான் ஆச்சு. இவதான் என் பொண்டாட்டி. இவ டீச்சர் இல்ல, கால்ல ஆபரேஷன் இல்ல, முட்டை பிடிக்காது, கோபம் ரொம்ப வரும்!" என்றார்.

அடுப்பில் எண்ணெய் கொதிப்பது மட்டும் கேட்டது. அப்புறம் யாரோ ஒருவர், "அப்ப பையன் பாஸாயிட்டான்னு எங்களுக்கு ஸ்வீட் குடுத்தியேடா?" என்றார். அவ்வளவுதான். வெடித்த சிரிப்பில் கூரை பறந்துவிடும் போலிருந்தது. ஆளாளுக்கு முதுகில் அடித்தார்கள். "பையனுக்குக் காய்ச்சல்னு என்கிட்ட மாத்திரை வாங்கிட்டுப் போனான்யா!" "அந்த மாத்திரையை யாருடா முழுங்கினது?" இவர் நடுவில் காதெல்லாம் சிவந்து நின்றார். எனக்கு இவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கடை முதலாளி என் எதிரில் இருந்த இலையை எடுத்துக்கொண்டார். "இது பழைய சம்சாரத்துக்குப் போட்டது. புதுப் பொண்ணுக்குத் தனி விருந்து!" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். சூப், கோழி, இறைச்சி, மறுபடி சோறு, இனிப்பு. என் சொந்தப் பெயரில் வந்த சாப்பாடு என்பதால் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். எழுந்திருக்க இவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

நான் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். எல்லோரும் சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொம்ப நேரம் கையைக் கழுவினார். பின்னால் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, உனக்குத் தெரிஞ்சவங்கள்ல... கல்யாணம் ஆகாம... கொஞ்சம் வயசானவங்களா இருந்தாலும் பரவாயில்ல... யாராவது இருக்காங்களாம்மா?"

"யாருக்குங்கண்ணே?"

அவர் குழாயை மூடினார். "எனக்குத்தான்" என்றார்.

"விசாரிக்கிறேன் அண்ணே. கட்டாயம் விசாரிக்கிறேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, துண்டில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரி தேடுவா, நான் வர்றேன்ப்பா!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போய் லாரியில் ஏறினார்.

காரில் ஏறியதும் இவர் சாவியைத் திருகாமல் என்னைப் பார்த்தார்.

"அண்ணன் உங்கிட்ட தனியா என்ன சொன்னாரு?"

"வேறென்ன, வீட்டுக்காரியைப் பத்தித்தான்" என்றேன். "வண்டியை எடுங்க, கடல் பார்க்கணும்."