ஏறினோம் என்னும் வினைமுற்று

என் பணிநிறைவு விழாவுக்காக அச்சிட்ட மலரில், பொதியத்தின் உச்சியை நேரில் கண்டு வந்து மாணவர்க்கு உரைத்தவர் என்று என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அந்த வரி உண்மையன்று. நான் உச்சியைக் கண்டதில்லை. மலர் வெளிவந்த அன்றே மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. அதை எழுதிய மாணவரின் மகள் அண்மையில் பள்ளிக் கட்டுரைக்காக என்னிடம் வந்து, உச்சியில் நின்றபோது எப்படி இருந்தது என்று கேட்டாள். உடல்நலமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு குழந்தையின் ஏட்டிலும் இந்தப் பொய் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்து வந்தேன். பழம்பாடல்களில் பொதியம் வராத இடம் குறைவு. சந்தனமும் தென்றலும் பிறக்கும் இடம் என்று இருபது ஆண்டுகளாக விளக்கியிருந்தேன். மழை ஓய்ந்த காலைகளில் வண்ணார்பேட்டை வீட்டு மாடியிலிருந்து மேற்கே அது நீலக்கோடாகத் தெரியும். அந்தக் கோடு எனக்குப் போதுமானதாகவே இருந்தது, ஒரு மாணவன் எழுந்து கேட்கும்வரை.

"ஐயா, நீங்க மேல ஏறிப் பாத்திருக்கியளா?"

இல்லை என்றேன்.

"கெமிஸ்ட்ரி சார் நாலு தடவ போயிருக்காவ. அங்கன தென்றலெல்லாம் இல்லையாம். நிக்கவே முடியாதாம், காத்து ஆளத் தள்ளுமாம்."

வகுப்பு சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் அப்படித்தான் கொண்டேன்.

அவன் குறிப்பிட்டவர் வேதியியல் விரிவுரையாளர். விக்கிரமசிங்கபுரத்து ஆலைத் தொழிலாளியின் மகன். தை கழிந்தால் ஊர் நண்பர்களோடு மலையேறிவிடுவார். அதற்குமுன் அவரைப் பற்றி நான் எண்ணியதே இல்லை. அன்றுமுதல் அவர் நடந்தால் எனக்குத் தெரிந்தது. மாணவர் அவரைச் சூழ்ந்து நின்றால் தெரிந்தது. அவர் தேநீர் குடிக்கும் ஓசைகூட எனக்குப் பகையாயிற்று. அழுக்காறு என்னும் சொல்லுக்கு நான் பல உரைகள் சொல்லியிருக்கிறேன். அதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

அவ்வாண்டுக் கல்லூரி மலருக்கு அவர் மலைப்பயணம் பற்றி ஒரு கட்டுரை தந்தார். தமிழ்ப் பகுதியின் பதிப்பாசிரியன் நான். 'உச்சிக்கு சென்றேன்' என்று தொடங்கியது, ச் இல்லை. பக்கந்தோறும் இப்படியே. திருத்துவது என் கடமை. நானோ ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, திருத்தாமல் திருப்பி அனுப்பினேன். மறுநாள் அவர் தாளோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார்.

"எனக்கு இந்த ஒத்தெல்லாம் எங்க ஐயா வருது? நீங்களே போட்டுக் குடுங்க" என்றார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

ஒற்றுகளை ஒவ்வொன்றாக இட்டேன். இடும்போதே படிக்கவும் நேர்ந்தது. ஈரப் பாறையையும் காலுக்குக் கீழே நகரும் மேகத்தையும் பற்றிய வரிகள் நன்றாக இருந்தன. அதுதான் பொறுக்கவில்லை. அடுத்த முறை தம்மோடு வருமாறு அவர் அழைத்தபோது, சொல்லி முடிக்குமுன்னரே இசைந்தேன். நானும் கண்டவன் என்று வகுப்பில் சொல்ல வேண்டும். அவருக்கு மூச்சிரைப்பதை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். இவ்விரண்டையன்றி வேறு நோக்கம் இருந்ததாக நினைவில்லை.

துணிக்காலணி வாங்கி வந்த அன்று மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாடி ஏறுனாலே இளைக்குது. இப்ப யாருகூடப் போட்டி?" என்றாள்.

நண்பர்கள் வர இயலாமற்போக, நாங்கள் இருவரும் வழிகாட்டியாக அம்மலைப் பழங்குடியான காணிக்காரர் ஒருவருமாகப் புறப்பட்டோம். காரையாற்று அணையைப் படகில் கடந்து, இஞ்சிக்குழி வழியே முதல்நாள் கன்னிகட்டி வரை நடை. உப்பையும் மூக்குப்பொடியையும் துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொண்ட பின்னும் அட்டைகள் ஏறின. வேதியியலார் தம் கால்களை விட்டுவிட்டு என் கால்களிலிருந்து அவற்றைத் தட்டிவிட்டார். நன்றி சொன்னேன். ஆனால் என் கால்களில்தான் அதிகம் என்று அவர் கண்டுவிட்டாரே என்பதே மனத்தை அரித்தது. நான் நின்ற இடமெல்லாம் அவரும் நின்று, ஏதோ ஒரு மரத்தைப் பார்ப்பதுபோல் காத்திருந்தார். அவருக்கு ஒருமுறையும் மூச்சிரைக்கவில்லை.

மறுநாள் முற்பகலில் கடைசிப் பாறைக்கு வந்தோம். செங்குத்தான வழுக்குப் பாறை. பற்றி ஏற இரும்பு வடம் ஒன்று தொங்கியது. பனிமூட்டத்தில் வடத்தின் மேல்நுனி தெரியவில்லை. காற்று, மாணவன் சொன்னதுபோலவே, ஆளைத் தள்ளியது. அவர் முன்னே போனார். நான் சிறிது தொலைவு ஏறினேன். பிறகு கைகள் வடத்தை விடவும் இல்லை, மேலே நகரவும் இல்லை.

அவர் திரும்பி என்னருகே இறங்கி வந்தார். "பைய வாங்க ஐயா. அவசரமே இல்ல."

முடியாது, நீங்கள் போங்கள் என்றேன். காணிக்காரர் கீழிருந்து ஏறி, என் பாதங்களைப் பிடித்துப் பிடித்து வைத்து இறக்கினார். பாறையடியில் அமர்ந்தோம். வேதியியலார் ஏறுவதை அண்ணாந்து பார்த்தேன். அப்போது அந்தக் கால் சறுக்கட்டும் என்று நினைத்தேன். சினத்தில் நினைத்ததன்று, தெளிவாக, ஒரு வாக்கியமாக நினைத்தேன். அடுத்த கணமே உடல் நடுங்கியது. குளிர் என்று காணிக்காரர் தம் போர்வையைத் தந்தார். மூட்டத்தில் வேதியியலார் மறைந்து திரும்பி வருகிறவரை, விழும் ஓசை கேட்டுவிடுமோ என்று செவிகளைப் பொத்திக்கொண்டிருந்தேன். வந்தவரிடம் மேலே என்ன கண்டார் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லாரும் வினவினர். நான் வாய் திறக்குமுன் அவர், "ஏறிட்டோம்லா" என்றார். ஏறினோம்: தன்மைப் பன்மை வினைமுற்று. பேசுவான் தன்னோடு பிறரையும் உளப்படுத்திச் சொல்வது. அதை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவன். அந்தச் சொல்லுக்குள் போய் அமர்ந்துகொண்டேன். வாழ்த்தினார்கள், தலையசைத்தேன். மாணவரும் கேள்விப்பட்டனர். அதன்பின் பொதியம் வரும் பாடல்களை விரைந்து கடந்தேன். அதை அவர்கள் அடக்கம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

எனக்கு இரங்கி அவர் பொய்யுரைத்தார் என்றே ஆண்டுக்கணக்கில் நம்பினேன். அதற்காகவும் அவர்மேல் புழுங்கினேன். அவர் சறுக்கட்டும் என்று நினைத்தவனுக்கு அவர் இப்படி ஒரு கொடை அளித்திருக்க வேண்டுமா? பணிநிறைவு மலர் வெளிவந்த சில திங்களுக்குப்பின் வண்ணார்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் அவரைக் கண்டு, ஏன் அன்று அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவருக்குச் சொன்னதே நினைவில்லை. சற்று யோசித்தார்.

"ரெண்டு நாளா ஏறினோம்லா ஐயா? அத ஏறலன்னா சொல்ல முடியும்? நீங்க அந்தக் கடைசிப் பாறைய மட்டுந்தான் மலைன்னு சொல்லுதியளோ?"

பேருந்து வந்தது, கையசைத்து ஏறிப் போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை. உச்சி என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. கேட்டவர்கள் சேர்த்தார்கள், நான் சேர விட்டேன். ஏறுதல் என்னும் வினையை என்னைவிட அவர் சரியாக ஆண்டிருக்கிறார். என் துறையிலும் அவரே முந்திவிட்டார் என்று அப்போதும் நெஞ்சு சுருங்கியது. ஆனால் இம்முறை அது சுருங்குவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை எனக்குத் தந்தது அவ்வளவுதான்; அது சிறிதன்று என்று இப்போது கருதுகிறேன்.

பாறையடியில் நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவர் அறிவார். அறிந்தபின் என் வீட்டுக்கு வருவாரா என்பது எனக்குத் தெரியாது.

ஆண்டு பல ஆகிவிட்டமையால் வழியின் முறையிலும் நாளின் கணக்கிலும் நான் தவறியிருக்கக்கூடும். அப்பகுதியை அறிந்தோர் பிழை கண்டால் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். வேதியியல் நண்பர் எழுதுவாராயின் அவர் சொல்வதையே முடிவாகக் கொள்வேன். அந்த வடத்தைப் பற்றி எத்தனை முழம் ஏறினேன் என்று மேலிருந்து அவர் கண்டிருப்பார்; நான் குனிந்து பார்க்கவில்லை.