இசைத்தட்டின் மறுபக்கம்

பாறசாலை ஸ்டேஷனுக்குப் பின்னால், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது ஞானதாஸின் வீடு. அவருடைய தாத்தாவிடம் ஒரு மிஷன் டாக்டர் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டைப் பார்க்க வந்திருக்கிறேன். இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் ஒருவர் தன் பாட்டுக்குத் தானே பியானோ வாசித்த தட்டு. இந்த நூற்றாண்டின் முதல் சில வருடங்களில் பதிவானது. நூற்றாண்டு முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அவர் வாழ்க்கையை எவ்வளவோ படித்திருக்கிறேன். அவர் விரல்களைக் கேட்பது இன்றுதான்.

வெளியே தூறல். கிராமபோனில் பாட்டு ஏதோ தூரத்து ஊரின் மழைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து, மெல்ல முடிகிறது.

"அடுத்த பக்கம் கேக்க முடியாது சாரே," என்கிறார் ஞானதாஸ். "இவ கல்யாணம் கழிஞ்சு வந்த புதுசுல சாம்பல் போட்டுத் தேச்சுட்டா. பாட்டு போச்சு. அம்மை சாகுற வரைக்கும் சொல்லி அழுதா."

தலை நரைத்த அவர் மனைவி லில்லி காப்பியை வைக்கிறார். "வீட்டுக்கு வாற எல்லாருட்டயும் இதச் சொல்லணும், இல்லியா?"

தட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு வரிகூட இல்லாத வழுவழுப்பு. அந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்கம் மட்டும் பதிவு செய்வதுண்டு என்றும், இந்தப் பக்கத்தில் பாட்டு இருந்ததே இல்லை என்றும் சொல்கிறேன்.

லில்லி தட்டை வாங்கி, வெறும் பக்கத்தை மேலே வைத்து ஊசியை இறக்குகிறார். ஊசி எதிலும் பிடிபடாமல் இரைச்சலோடு வழுக்குகிறது. ஞானதாஸ் எழுந்திருக்கப் பார்க்கிறார்.

"இருந்து கேளுங்க," என்கிறார் லில்லி. "நான் அழிச்ச பாட்டாக்கும்."

அவர் உட்கார்ந்து கேட்கிறார்.