சிந்தல் கணக்கு

நான் எம்.காம். படித்தவன். அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் தெருவிலிருந்து அந்தப் படிப்பைப் படித்தது நான் ஒருவன்தான் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். சொல்கிறவர்களின் முகத்தில் பெருமை தெரியும். எனக்கு அந்தப் பெருமை வந்ததே இல்லை. அதன் காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். திண்டிவனம் சாலையில் இருந்த ஒரு மல்லாட்டை மண்டியில் அவர் மூட்டை தூக்கினார். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அறுவடை நாட்களில் அவலூர்பேட்டை, அனந்தபுரம் பக்கமிருந்து வண்டி வண்டியாக வரும். இறக்குவது, தராசில் ஏற்றுவது, அடுக்குவது, எண்ணெய் மில் லாரிக்குத் திரும்ப ஏற்றுவது எல்லாம் நைனாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும்தான். அவர் வலது தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. அதன்மேல் ஈ உட்கார்ந்தால்கூட அவருக்குத் தெரியாது.

சென்னையில் அரசு விடுதியில் தங்கி பி.காம். முடித்தேன். மதிப்பெண் நன்றாக இருந்ததால் எம்.காம். இடமும் கிடைத்தது. வீட்டில் யாருக்கும் அது என்ன என்று புரியவில்லை. "மொதல்ல படிச்சதும் கணக்கு, இப்பப் படிக்கிறதும் கணக்கு. ஏன், மொதல்ல படிச்சது தப்பாப் போச்சா?" என்று அம்மா கேட்டாள். நைனா மட்டும் மண்டியில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். முதலாளி சிரித்துக்கொண்டே, "அப்ப எனக்கே கணக்கு சொல்லிக் குடுக்க வருவான் போலக்கீதே" என்றாராம். அதை நைனா ஒரு வாழ்த்து மாதிரி எங்களிடம் சொன்னார்.

இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஏதாவது ஒரு நிறுவனத்தின் கணக்குகளை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. உடன் படித்தவர்களுக்கு அதில் சிரமம் இல்லை. ஒருவனுக்கு மாமா மில் வைத்திருந்தார், இன்னொருவனுக்குச் சித்தப்பா வங்கியில் இருந்தார். எனக்கு யார் இருந்தார்கள்? எங்கள் பேராசிரியர்தான் ஒரு வழி சொன்னார். "நீ கடலை விளையற ஊர்க்காரன். மண்டிக் கணக்கைப் பத்தி இதுவரைக்கும் எவனும் ஒழுங்கா எழுதலை. நீ எழுது."

முதலாண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்கு வந்து மூன்று மண்டிகளில் போய்க் கேட்டேன். ஒரு மண்டியில் வாசலோடு அனுப்பினார்கள். மற்ற இரண்டில் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்த பிறகு அனுப்பினார்கள். கடைசியில் நைனா தன் முதலாளியிடமே கேட்டார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி நான் நின்றேன். முதலாளி ரொம்ப நேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"எழுதட்டும் போ. நம்ம மண்டி பேரு பட்டணத்துல படிக்கட்டுமே" என்றார்.

மூன்று வாரம் அங்கே உட்கார்ந்தேன். நாற்காலியில் இல்லை, கணக்கு அறைக்குப் பின்னால் சாக்கு மடிப்பின் மேல். மண்டியின் கணக்கப்பிள்ளை வயதானவர், கெட்டவர் இல்லை. ஆனால் பேரேட்டை என் கையில் கொடுக்க மாட்டார். தரையில் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். பார்த்து முடித்ததும் நானும் தரையில் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். தண்ணீர் கேட்டால் கையில் ஊற்றுவார்கள். இதெல்லாம் பழகிப்போனதுதான். அப்போது எனக்கு அந்தப் பேரேடுகள் திறந்ததே பெரிதாக இருந்தது.

இரண்டாம் வாரத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. குடியானவர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு மூட்டையிலும் இறக்கும்போது கீழே சிந்துவதற்கென்று கொஞ்சம் எடை கழித்திருந்தார்கள். அதற்குச் 'சிந்தல்' என்று பெயர். அது எல்லா மண்டியிலும் உள்ளதுதான். ஆனால் கூலிக் கணக்கைப் புரட்டியபோது, மூட்டை தூக்குகிறவர்களின் வாரக் கூலியிலும் 'சிந்தல்' என்று ஒரு பிடித்தம் இருந்தது. அவர்கள் கவனமில்லாமல் சிந்தினார்களாம். அப்புறம் தனியாக ஒரு பக்கம். மாலையில் வாசலில் கூட்டி அள்ளியதை மூட்டை கட்டி மில்லுக்கு விற்ற வரவு அதில் இருந்தது. சிந்தியது ஒரு தடவை. அதற்குக் காசு வந்தது மூன்று தடவை.

ஆளுக்கு ஒரு பக்கமாக இருந்த அந்தக் கூலிக் கணக்கில் நைனாவின் பக்கத்தைத் தேடினேன். பழைய புத்தகங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான் மூன்றாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து ஒரு வாரம் விடாமல் அந்தப் பிடித்தம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நைனா கஞ்சி குடித்து முடித்ததும் கேட்டேன்.

"நைனா, சிந்தலுக்குன்னு வாரா வாரம் உங்கூலியில புடிக்கிறாங்களே, தெரியுமா?"

"தெரியும்."

"அதே சிந்தலுக்குக் குடியானவங்கிட்டயும் புடிக்கிறாங்க."

"அதுவும் தெரியும்டா. நாந்தான தராசாண்ட நிக்கிறேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டானுங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் இப்ப கல்லு ஒடைக்கிறானுங்க." அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "உன் படிப்புக்கு இன்னா வேணுமோ அத எழுதிக்கினு போ. இத எதுக்கு நோண்டற?"

நோண்டினேன். சென்னைக்குத் திரும்பி ஆறு மாதம் வேலை செய்தேன். மண்டியின் வரவு செலவு முறை, பேரேடு எழுதும் விதம், கமிஷன் என்று நான்கு அத்தியாயங்கள் எழுதினேன். ஐந்தாவது சிந்தல் பற்றியது. இருபத்திரண்டு பக்கம். யாரையும் திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர்கள் புத்தகத்தில் இருந்ததை எடுத்து, எந்தப் பக்கம் எந்த வரி என்று குறித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான்.

பேராசிரியர் அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதுதான்யா ஆராய்ச்சி" என்றார். எனக்கு அன்றைக்கு விடுதிக்கு நடந்துபோனது நினைவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு வேலை கிடைத்தபோதும் வரவில்லை, கல்யாணத்தின்போதும் வரவில்லை.

ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். கணக்குகள் தன் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவைதான், இதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று உரிமையாளர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் கட்டுரையை வாங்க மாட்டார்கள்.

பொங்கல் லீவில் தட்டச்சு செய்த கட்டோடு மண்டிக்குப் போனேன். முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். நான்கு அத்தியாயம் வரைக்கும் முதலாளி தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஐந்தாவது வந்ததும் கணக்கப்பிள்ளை இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினார்.

"அது இன்னா, தாண்டிப் போற?"

"சேதாரக் கணக்குங்க. அதே மாதிரிதான்."

"முழுசாப் படி."

அவர் படித்தார். குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று. முதலாளி கோபப்படவில்லை. முடிந்ததும் வாசல் பக்கம் பார்த்து நைனாவைக் கூப்பிட்டார். நைனா உடம்பெல்லாம் மண்ணும் தூசியுமாக வந்து படிக்குக் கீழே நின்றார்.

"உன் புள்ள இன்னா எழுதியிருக்கான் தெரியுமா?"

நைனாவுக்குப் புரிந்துவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்தார். "சின்னப் பையன் மொதலாளி. தெரியாம எழுதிட்டான். எடுத்துடுவான்."

"நான் எடுக்கச் சொல்லலியே. அவன் படிச்சவன். எது சரின்னு அவனுக்குத் தெரியும்." பேனா மூடியைத் திரும்ப மாட்டினார்.

நைனா என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். எடு என்றோ வேண்டாம் என்றோ கண்ணாலாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வயதைத் தாண்டியிருந்தேன், கணக்கியலில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அங்கே என் வாயில் வந்தது இரண்டே வார்த்தை.

"எடுத்துடறேங்க, மொதலாளி."

அதுவரைக்கும் அவரை நான் முதலாளி என்று கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு பக்கத்தையும் நானே கட்டிலிருந்து உருவினேன். "அது இங்கயே இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். "நல்லா வரணும்" என்றார். டீ வாங்கிவரச் சொன்னார். வந்த டீயை நின்றுகொண்டே குடித்தேன். பக்கத்தை உருவியதைக்கூட மன்னித்துவிடலாம். அந்த டீயை ஏன் குடித்தேன் என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேராசிரியரிடம், அந்த அத்தியாயத்தோடு கையெழுத்துக் கிடைக்கவில்லை என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "சரி, முதல்ல டிகிரியை வாங்கு. அப்புறம் தனிக் கட்டுரையா எழுதலாம்" என்றார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. கார்பன் பிரதி என்னிடம் இருந்தும் நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டுரை மீதான வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கட்டுரையை முன்னும் பின்னும் புரட்டினார்.

"எல்லாம் இருக்கு. சேதாரத்தைப் பத்தி ஒரு வரி இல்லையே? கடலை மண்டியில ஒண்ணுகூடவா சிந்தாது?"

எங்கள் பேராசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கவனிக்காம விட்டுட்டேன் சார்" என்றேன்.

"கிராமத்துலேர்ந்து வர்ற பையன். இதைக்கூடக் கவனிக்கலைன்னா எப்படி?" என்று சொல்லிவிட்டுத் தாளில் என்னவோ எழுதினார். எனக்கு இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது. விரிவுரையாளர் வேலைக்கு முதல் வகுப்பு கேட்டார்கள். அந்த வாசல் அன்றோடு அடைபட்டது.

முடிவு தெரிந்து ஊருக்கு வந்தேன். மண்டியில் மூட்டை குவிகிற காலம் அது. நைனா பகல் பதினொரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, மண்டிக்குப் போவல?"

"மொதலாளி வூட்ல இருக்கச் சொல்லிட்டாரு." அவர் சொன்ன விதத்தில் வருத்தம் இல்லை. "'உன் புள்ள பெரிய படிப்பு படிச்சுட்டான். இனிமே நீ மூட்டை தூக்கினா ஊரு என்னியத்தான் பேசும். நிம்மதியா இரு'ன்னாரு. வேட்டி துண்டு வேற வச்சிக் குடுத்தாரு." உள்ளே போய் அந்த வேட்டியை எடுத்துவந்து காட்டினார். மடிப்புக் கலையாமல் இருந்தது.

நான் நேராக மண்டிக்குப் போனேன். என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கணக்கப்பிள்ளை என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ரோட்டுக்கு வந்து மறித்தார்.

"உள்ள போவாத தம்பி. ஒண்ணும் நடக்காது."

"எழுதினத எடுத்துட்டேனே. அவரு சொன்னபடிதான செஞ்சேன்?"

"நீ பொங்கலுக்கு வந்துட்டுப் போனியே, அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டாரு. 'இந்த அறுவடைப் பட்டத்தோட அவங்கப்பன் பக்கத்தை முடிச்சுடு'ன்னு. நாந்தான் கோடு போட்டேன்." அதற்குமேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க நைனாக்கு இது தெரிய வேணாம். மரியாதையா அனுப்பினதாவே நெனைச்சுக்கினு இருக்கட்டும்."

செஞ்சியில் வேறு எந்த மண்டியும் நைனாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனக்கு வேலை கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷமும் அவர் சந்தை நாட்களில் முதல் பஸ் பிடித்து அவலூர்பேட்டைக்குப் போனார். அங்கே அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை. சின்ன வயசுக்காரர்களோடு போட்டி போட்டு வண்டிக்கு ஓடி, கிடைத்ததைத் தூக்கினார். எம்.காம். படித்த மகன் வீட்டில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு நாள் நானும் வருகிறேன் என்றேன். அவர் என்னை அடித்தது வாழ்க்கையில் அன்று ஒரு முறைதான்.

அப்புறம் எனக்குக் கடலூரில் ஓர் அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் வேலை கிடைத்தது. நைனாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டேன். அதற்குள் அவர் இடுப்பு விழுந்துவிட்டிருந்தது, கோல் ஊன்றித்தான் நடந்தார். என்னோடு வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செஞ்சிக் கதையெல்லாம் சொல்வார். மண்டிக் கதையும் வரும்.

"எங்க மொதலாளி மாதிரி ஒரு மனுசனைப் பாக்க முடியாது சார். எம்புள்ள படிச்சுட்டான்னதும் இனிமே மூட்டையைத் தொடாதன்னு சொல்லிட்டாரு. எவன் சொல்வான்?"

அவர்கள் ஆமாம் ஆமாம் என்பார்கள். அவர் நிஜமாகவே அதை நம்பினாரா, எனக்காக நம்புகிற மாதிரி நடந்துகொண்டாரா, தெரியவில்லை. அவர் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கேட்டிருக்கலாம். கேட்கிற தைரியம் எனக்கு எப்போது இருந்தது?